மேல்வீட்டு எல்டர்கள்

மார்மன் மிஷனரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: நாள் முழுதும் வீடு வீடாக ஏறி இறங்கி, முகத்திலடித்தாற்போல் கதவு சாத்தப்படுவதை அந்தச் சின்னப் பையன்கள் எப்படித் தாங்குகிறார்கள்? நகோயாவுக்கு அருகே நான் குடியிருக்கும் கட்டடத்தில் எனக்கு நேர் மேலேயுள்ள வீடு சில ஆண்டுகளாக அவர்களுக்குத்தான் வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. ஜப்பானின் பழைய மரக் கட்டடங்களில் மேல்வீட்டார் தும்மினால் கீழ்வீட்டார் வாழ்த்துச் சொல்லலாம். அவ்வளவு மெல்லிய தளம். அங்கே யார் வந்தார்கள், யார் போனார்கள், யாருக்கு யாரைப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் நான் விரும்பாமலே என் காதில் விழுந்து வந்திருக்கின்றன. கதவடைப்பு அவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடுகிறது. கடைசிவரை பழகாமல் படுத்துவது, கூடவே இருக்கும் அந்த இன்னொரு பையன்தான்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இவர்களுடைய சபையின் முழுப்பெயர். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய இச்சபையின் தலைமையகம் இன்று யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. மார்மன் என்ற புழக்கப் பெயரை விட்டுவிடும்படி 2018இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது; ஆனாலும் ஊரார் வாயில் அதுவே நிற்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். 2012 அக்டோபரில் ஊழியத்துக்குப் புறப்படும் வயது ஆண்களுக்கு 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் குறைக்கப்பட்டது; 2025இல் பெண்களுக்கும் அது 18 ஆயிற்று. ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு 18 மாதங்கள். எந்த நாட்டுக்குப் போவது என்பதை விண்ணப்பிப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது. சால்ட் லேக் சிட்டியில் முடிவாகி அழைப்பு வரும். ஸ்பானிய மொழியைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் படித்த பையனுக்கு ஜப்பான் விழும். அவன் யூட்டாவின் புரோவோவில் உள்ள பயிற்சி மையத்தில் ஏறத்தாழ ஒன்பது வாரம் ஜப்பானிய மொழியைத் திணித்துக்கொண்டு விமானம் ஏறுவான்.

மேல்வீட்டில் காலை ஆறரைக்கு அலாரம் அடிக்கும். அடுத்த அரைமணி நேரம் உடற்பயிற்சி என்பதால் என் கூரை அதிரும். பிறகு குளியல், காலை உணவு, வேத வாசிப்பு, இருவரும் சேர்ந்து படித்தல், மொழிப் பாடம். அதன் பிறகு வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் அணிந்து, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை குத்தி, தலைக்கவசத்தோடு சைக்கிளில் இறங்குவார்கள். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் திரும்பி மறுநாள் திட்டத்தை எழுதி, பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். தொலைக்காட்சி இல்லை, சினிமா இல்லை, காதல் இல்லை, நீச்சல்கூட இல்லை. பத்தொன்பது வயதில் இப்படி ஒரு கால அட்டவணை எனக்கு வாய்த்திருந்தால் இரண்டாம் வாரமே ஊருக்கு ரயிலேறியிருப்பேன்.

ஆனால் இந்த விதிகள் எதுவும், 'ஒருபோதும் தனியாக இருக்கக்கூடாது' என்ற அந்த ஒரு விதிக்கு ஈடாகாது. மிஷனரிகள் எப்போதும் இருவர் இருவராகவே இயங்குவார்கள். ஒருவர் பார்வையிலும் குரல் எட்டும் தூரத்திலும் மற்றவர் இருக்க வேண்டும். குளியலறையும் கழிப்பறையும் மட்டுமே விலக்கு. ஒரே அறையில் தூக்கம், அடுத்தடுத்த மேசைகளில் படிப்பு, ஒரே அடுப்பில் சமையல். கூட்டாளியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பகுதி ஊழியத்துக்குப் பொறுப்பேற்று மூன்று ஆண்டுகள் மனைவியோடு வந்து தங்கியிருக்கும் மிஷன் தலைவர் ஜோடி சேர்க்கிறார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். சில சமயம் இருவரும் அப்படியே இருப்பார்கள். சில சமயம் ஒருவர் மட்டும் இரண்டு பெட்டிகளோடு வேறு ஊருக்கு ரயிலேறுவார், அன்று மாலைக்குள் அவருடைய படுக்கையில் இன்னொருவர் வந்து படுப்பார். சொந்தப் பெயரும் இந்த இரண்டு ஆண்டுக்கு ஓய்வெடுக்கிறது: எல்லோரும் 'எல்டர்' என்ற முன்னொட்டோடு குடும்பப் பெயரால்தான் அழைக்கப்படுகிறார்கள், பெண்களானால் 'சிஸ்டர்'. மாலை போட்டவுடன் அலுவலக மேலாளரும் ஆட்டோக்காரரும் ஒருவருக்கொருவர் 'சாமி' ஆகிவிடும் நம் சபரிமலை விரதத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். என்ன, அங்கே ஒரு மண்டலத்தில் மாலையைக் கழற்றிவிடலாம்.

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு மழைக்காலத்தில் பார்த்தேன். ஜூன் மாத ஈரத்தில் சைக்கிளில் நனைந்து திரிந்ததில் மேல்வீட்டுப் பையன் ஒருவனுக்குக் கடும் காய்ச்சல். ஒருவர் படுத்தால் மற்றவரும் வெளியே போக முடியாது என்பதால், நலமாக இருந்தவன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதற்கு வெளியே மாடிப்படியின் மேல்தட்டில் அமர்ந்து கான்ஜி என்னும் ஜப்பானிய எழுத்துகளின் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தான். நான் அலுவலகம் போகும்போது அங்கேதான் இருந்தான், திரும்பி வரும்போதும் அங்கேதான் இருந்தான். நான்கு படி இறங்கி என் கதவைத் தட்டக்கூட அவனுக்குத் தயக்கம். நான் படியருகே வரும்வரை காத்திருந்து, மேலிருந்தபடியே, காய்ச்சல் வந்தவருக்கு உங்கள் நாட்டில் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டான். மிளகு ரசம் வைத்து, குழைந்த சோற்றோடு மேலே கொண்டுபோனேன். காய்ச்சல்காரன் மூக்கில் நீர் வழியக் குடித்து முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்றான். காவலிருந்தவன் முகத்தில் நான் கண்டது கவலையல்ல, சலிப்பு. இருவருக்கும் ஆகவில்லை என்பது முன்பே எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவாதது, சத்தமாக ஜெபிப்பது, சைக்கிளை மெதுவாக ஓட்டுவது என்று காரணங்கள் தளத்தின் வழியே இறங்கி வந்திருந்தன. ஆனாலும் அவன் அந்தப் படியை விட்டு நகரவில்லை. பிடிக்காத ஒருவனுக்காக ஒரு முழுநாளை மாடிப்படியில் கழிப்பது அந்த வயதில் சாதாரண காரியமன்று.

ஜப்பானில் ஊழியம் என்பது பெரும்பாலும் மறுப்பு வாங்குவதுதான். அழைப்புமணியை அழுத்தினால் கதவு திறப்பதில்லை. சுவரிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து 'கெக்கோ தெஸ்' என்று மிக மரியாதையான ஒரு 'வேண்டாம்' வரும், அவ்வளவுதான். இந்தத் தயக்கத்துக்கு வரலாறு உண்டு. 1995இல் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பியது. 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே நாராவில் சுட்டுக்கொல்லப்பட்டபோது, சுட்டவரின் தாய் ஒருங்கிணைப்புத் திருச்சபை என்ற வேறொரு மதக்குழுவுக்குப் பெரும் தொகையைக் கொடுத்துக் குடும்பம் நொடித்த கதை நாடெங்கும் பேசப்பட்டது. அவற்றுக்கும் இந்தப் பையன்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பெயர்ப்பட்டை அணிந்து மதம் பேச வரும் எவரையும் ஜப்பானியர்கள் ஒரே தட்டில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இந்தக் கடினம் புதிதும் அல்ல. 1901 ஆகஸ்டில் ஹீபர் ஜே. கிராண்ட் தலைமையில் நால்வர் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் அல்மா டெய்லருக்கு அப்போதுதான் 19 நிறைந்திருந்தது. அவர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கி, சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்து 1909இல் வெளிக்கொணர்ந்தார். இரண்டு ஆண்டையே பெரும் தவமாக எண்ணும் இன்றைய பையன்களிடம் அவர் பெயரைச் சொன்னால் பெருமூச்சு விடுகிறார்கள். அத்தனை உழைப்புக்கும் விளைச்சல் மிகச் சொற்பம்: இருபத்துமூன்று ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. 1924இல் ஜப்பான் ஊழியம் மூடப்பட்டது. மூடச் சொன்னவர், அதற்குள் சபையின் தலைவராக உயர்ந்திருந்த அதே கிராண்ட்தான். போருக்குப் பின் 1948இல் மீண்டும் திறந்தார்கள்; 1980இல் டோக்கியோவில் ஆலயமும் எழுந்தது.

கதவுகள் திறக்காத ஊரில் இவர்களுக்குக் கைகொடுப்பது ஆங்கிலம். சபைக் கட்டடத்தில் வாரத்தில் ஒரு மாலை இலவச ஆங்கில உரையாடல் வகுப்பு நடத்துகிறார்கள். எங்கள் தெருவிலுள்ள எண்பதைத் தொடும் பாட்டி ஒருவர் தவறாமல் போகிறார். மதத்தில் அவருக்குத் துளியும் நாட்டமில்லை என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இலையுதிர் காலத்தில் தன் தோட்டத்துச் சீமைப் பனிச்சைப் பழங்களைப் பை நிறையக் கொடுத்துவிட்டு, வானிலை பற்றி ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் பேசிவிட்டு நிறைவாக வீடு திரும்புகிறார்.

அந்தப் பையன்கள் என் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது டிகாஷன் இறக்கி நல்ல காப்பி போட்டுவைத்தேன். காப்பி, தேநீர், மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு விலக்கு. 1833இல் ஜோசப் ஸ்மித் அறிவித்த உணவு நெறி அது. ஜப்பானில் போகும் வீடெல்லாம் பச்சைத் தேநீர் நீட்டும். அதை மனம் நோகாமல் மறுப்பதற்கென்றே ஜப்பானிய வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். வாற்கோதுமை நீர் குடிக்கலாம், மோர் குடிக்கலாம். கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்ட மோரை ஒருவன் மூன்று குவளை குடித்தான், இன்னொருவன் ஒரு வாய் குடித்துவிட்டு மிகுந்த நாகரிகத்தோடு வைத்துவிட்டான். இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஏன்டா, உன்ன மதம் மாத்திடப் போறாங்கடா." அவர்கள் முயலாமல் இல்லை. வேண்டாம் என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் குழம்புக்காகத்தான் வந்தார்கள். முந்தைய ஜோடி அடுத்த ஜோடிக்கு விட்டுப்போகும் குறிப்புகளில் 'கீழ்வீட்டு இந்தியர், உணவு நன்றாக இருக்கும்' என்று என் வீடும் இடம்பெற்றிருக்கிறதாம்.

பணம் பற்றிச் சொல்ல வேண்டும். இவர்களுக்குச் சபை சம்பளம் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் செலவை ஏற்பது மிஷனரியும் அவர் குடும்பமும்தான். அமெரிக்கக் குடும்பம் மாதம் 400 டாலர் கட்டிவந்தது, 2020 ஜூலை முதல் அது 500 ஆயிற்று. ஜப்பானுக்குப் போனாலும் பிலிப்பைன்சுக்குப் போனாலும் தொகை ஒன்றே. எல்லாம் பொதுக் கணக்கில் சேர்ந்து, அந்தந்த ஊர் விலைவாசிக்கேற்ப மாதப்படியாகத் திரும்பி வருகிறது. அந்தப் படி மாதக் கடைசியில் இறுக்கும். அரைவிலை ஒட்டிய சாப்பாட்டுப் பெட்டிகள் எந்தக் கடையில் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தான்.

திங்கட்கிழமை ஆயத்த நாள். துணி துவைத்தல், முடிவெட்டு, கடைக்குப் போதல், வீட்டுக்குக் கடிதம் எழுதுதல் எல்லாம் மாலைக்குள் முடிய வேண்டும். மாலையில் மறுபடி ஊழியம். வீட்டாரோடு பேசுவது முன்பெல்லாம் கிறிஸ்துமசுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். 2019 பிப்ரவரியிலிருந்து வாரந்தோறும் பேசலாம். அந்த மாற்றம் வந்த புதிதில் மேலிருந்து கேட்ட சிரிப்பும் அழுகையும் எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை அந்தப் பையன்கள் அழுது நான் கேட்டதில்லை. சில இடங்களில் நீலச் சட்டையும் கழுத்துப் பட்டை இல்லாமையும் 2020இல் அனுமதிக்கப்பட்டன. கைபேசியும் ஃபேஸ்புக்கும் ஊழியத்தின் கருவிகளாகிவிட்டன. எல்லாம் தளர்ந்திருக்கிறது, அந்த இருவர் விதியைத் தவிர.

அதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு என்று சொல்லமாட்டேன். பாதுகாப்புக்கும் ஒழுக்கத்துக்கும் அது உதவும் என்பது புரிகிறது. ஒருவரை ஒருவர் கண்காணிக்கவும் அதுவே உதவுகிறது. இளைஞர்களுக்கு ஊழியம் கடமையாகவே சொல்லப்படும் சபை இது. பாதியில் ஊர் திரும்பும் பையனை யூட்டாவில் ஊரே வேறு கண்ணால் பார்க்கும் என்று அங்கிருந்து வந்தவர்களே சொல்கிறார்கள். மனச்சோர்வில் விழும் ஒருவன், இருபத்துநான்கு மணி நேரமும் பக்கத்தில் ஆள் இருந்தும், அல்லது இருப்பதாலேயே, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போகலாம். தனியாக ஒரு மணி நேரம் நடந்துவர அவர்களை விட்டால் சபைக்கு என்ன குறைந்துவிடும் என்று ஒருவனிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, இப்போது அப்படி விட்டால் எங்கே போவதென்றே தெரியாது என்றான். அவனுக்கு ஊர் திரும்ப இரண்டு மாதம் இருந்தது. ஊர் நினைப்பு வந்தவனை அவர்கள் பேச்சில் 'டிரங்கி' என்பார்கள், புதிதாக வந்தவனைக் 'கிரீனி' என்பார்கள். அவன் இரண்டாவதிலிருந்து முதலாவதை நெருங்கிக்கொண்டிருந்தான்.

போன இடமாற்றத்தில் மேல்வீட்டுக்கு ஒகினாவாவிலிருந்து ஒரு ஜப்பானியப் பையனும் ஐடஹோவிலிருந்து ஒரு கிரீனியும் வந்திருக்கிறார்கள். முன்னவனுக்கு மூன்று வேளையும் சோறு வேண்டும், பின்னவனுக்குச் சோற்றைக் கண்டாலே ஆகவில்லை. ஒருவன் மொழி மற்றவனுக்கு அரைகுறை என்பதால் சண்டை மிக மெதுவாக, அகராதி பார்த்து நடக்கிறது. அடுத்த அறிவிப்புக்கு இன்னும் சில வாரங்கள் உண்டு. அதற்குள் அரிசி விஷயத்தில் உடன்பாடு வந்தால் நல்லது. வராவிட்டாலும் யாராவது ஒருவன் பெட்டியைத் தூக்கத்தான் போகிறான்.