மக்னீசியம் சல்ஃபேட்: ஏற்றிய பிறகுதான் வேலையே

லேபர் வார்டில் நான் முதன்முதலாக முழுப் பொறுப்பில் பார்த்த மக்னீசியம் சல்ஃபேட் கேஸ் அது. பிரஷர் 170/110, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல். எந்த நேரமும் வலிப்பு வரலாம் என்ற நிலை. அதைத் தடுக்கத்தான் இந்த மருந்து.

டாக்டர் 4 கிராம் லோடிங் டோஸ், அதாவது முதலில் மொத்தமாக ஏற்றும் அளவு, எழுதினார். எங்களிடம் இருந்தது 50 சதவீத ஆம்பியூல். 2 மில்லியில் 1 கிராம். 8 மில்லி மருந்தோடு 12 மில்லி நார்மல் சலைன் சேர்த்தால் 20 சதவீதக் கரைசல் 20 மில்லி. சீனியர் சிஸ்டர் காலி ஆம்பியூல்களை எண்ணி, கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் ஏற்ற விட்டார். எவ்வளவு அவசரமானாலும் இந்த மருந்தை இரண்டு பேர் சரிபார்த்தே ஆக வேண்டும் என்பேன். “உடம்பெல்லாம் சூடு பரவுற மாதிரி இருக்கும்மா, பயப்படாதீங்க” என்று முன்பே சொல்லிவிட்டு, 20 நிமிடத்தில் மெதுவாக ஏற்றினோம். அப்புறம் பம்பில் மணிக்கு 1 கிராம்.

இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீர் குறைந்தால் ரத்தத்தில் அளவு ஏறும். முதலில் முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் தானாக உதறுவது) போகும், அதற்கும் மேலே போனால் மூச்சு அடங்கும். அதனால் மணிக்கு ஒருமுறை மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவேன், 16க்குக் குறையக் கூடாது. சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வேண்டும். முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதற வேண்டும். எபிடூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் மரப்பு மருந்து) போட்டிருந்தால் காலை நம்ப முடியாது, முழங்கையில் தட்டிப் பார்க்க வேண்டும்.

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. மருந்து குழந்தைக்கும் போகும் என்பதால் அது துவண்டிருக்கிறதா என்று பார்த்தோம், நன்றாக அழுதது. நள்ளிரவுக்குப் பிறகு சிறுநீர் 20 மில்லிக்கு இறங்கியது. முட்டியில் தட்டினேன், அசைவில்லை. அனிச்சை தெளிவாகத் தெரிவதற்காக, அவரைக் கைவிரல்களைக் கோர்த்து இழுக்கச் சொல்லி மறுபடி தட்டினேன். இல்லை. மூச்சு 16. உடனே பம்பை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டேன். மக்னீசியத்துக்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட், 10 சதவீதம் 10 மில்லி, ஆரம்பத்திலிருந்தே தலைமாட்டு டிரேயில் இருந்தது. அதற்குத் தேவை வரவில்லை. சில மணி நேரத்தில் சிறுநீர் கூடி, கால் லேசாக உதறியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. டாக்டர் வந்து பார்த்துச் சொன்ன பிறகே பம்பை மறுபடி ஓடவிட்டோம். பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரம் முடியும்வரை இதே கண்காணிப்பு.

இப்போது ஷிஃப்ட் மாறும்போது கேஸ் ஷீட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. வரும் நர்ஸைக் கட்டிலருகே கூட்டிப்போய், இருவரும் சேர்ந்தே முட்டியைத் தட்டிப் பார்த்து, பம்பின் அளவையும் யூரின் பையையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்.