வேகமாவும் போகணும், முதுகும் வலிக்கக் கூடாது

ஜனவரி 6, செவ்வாய்

இன்னைக்கும் ஏத்தத்துல சைக்கிள் செயின் நழுவிடுச்சு. ஆபீஸ் 11 கி.மீ., போய்ச் சேர 42 நிமிஷம், சட்டை முழுக்க தொப்பலா நனைஞ்சு போச்சு. என்கிட்ட இருக்கறது ஆறு வருஷப் பழசு எம்டிபி (மலைப் பாதைக்கான சைக்கிள்), 26 இஞ்ச் சக்கரம், டிராக்டர் மாதிரி கட்டை கட்டையா டயர், முன்னாடி ஷாக் அப்சார்பர். வாங்கும்போது என்னமோ மலையேறப் போறவன் மாதிரி நெனப்பு. ஆறு வருஷத்துல மண் ரோட்டுல ஓட்டினது மொத்தம் ரெண்டே தடவை, அதுல ஒண்ணு வழி தப்பிப் போனது.

சரி, ரேஸ் சைக்கிளுக்கும் எம்டிபிக்கும் நடுவுல வர்ற ஹைபிரிட் ஒண்ணு வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ரேஸ் சைக்கிள் மாதிரி குனிஞ்சுக்கிட்டே போக என் முதுகு ஒத்துக்காது, அதே சமயம் இப்ப மாதிரி ஊர்ந்துக்கிட்டும் போக முடியாது. பட்ஜெட் ஒரு தொகை எழுதி பர்சுல வச்சாச்சு. அதுக்கு மேல போனா வீட்டுல யாரும் திட்ட மாட்டாங்க, சும்மா ஒரு பார்வை பார்ப்பாங்க, அதுதான் பயமா இருக்கு.

ஜனவரி 9, வெள்ளி

மூணு நாளா ராத்திரி 12 மணி வரைக்கும் சைக்கிள் விவரமா படிச்சுத் தள்ளுறேன். எங்க பாத்தாலும் 21 கியர், 24 கியர்னு பெருசா போட்டிருக்கான், கியர் அதிகமா இருந்தா வேகம் அதிகம்னுதான் நானும் நெனச்சிருந்தேன். இன்னைக்கு சும்மா உக்காந்து என் பழைய வண்டிக்கே கணக்குப் போட்டேன். முன்னாடி பல்லுச்சக்கரத்துல 42 பல், பின்னாடி 14 பல், பெடல் ஒரு முழுச் சுத்து வந்தா சக்கரம் மூணு சுத்து, அது 6.2 மீட்டர். நிமிஷத்துக்கு அப்படி 80 சுத்து மிதிச்சா மணிக்கு கிட்டத்தட்ட 30 கி.மீ. வருது. நான் போறதோ 16. அப்போ கியர் பத்தலைங்கிற பேச்சே இல்ல, மிதிக்க என்னால முடியலைங்கிறதுதான் விஷயம்!

இன்னொரு கூத்து, முன்னாடி 42 பின்னாடி 28 போட்டாலும், முன்னாடி 24 பின்னாடி 16 போட்டாலும் ரெண்டும் ஒண்ணரை சுத்துதான். ஒரே கியருக்கு ரெண்டு பேரு. 21ல இப்படி ஒட்டி ஒட்டி வர்றது நிறைய இருக்கு.

ஜனவரி 11, ஞாயிறு

ஆபீஸ்ல ஒரு அண்ணன் இருக்கார், பதினஞ்சு வருஷமா சைக்கிள்லதான் வர்றார். அவர்கிட்ட கேட்டா, "புது வண்டி அப்புறம் வாங்கிக்கலாம்டா தம்பி, மொதல்ல அந்த டயரைக் கழட்டு"ன்னார். எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் கோவம், புது வண்டி ஆசையில இருக்கறவன்கிட்ட பேசுற பேச்சா இது. ஆனாலும் நேத்து அதே 26 இஞ்சுல வழவழன்னு இருக்கற ஸ்லிக் டயர் ஒரு ஜோடி வாங்கி, காலைல நானே மாட்டினேன் (பின்சக்கரம் ஒரு மணி நேரம் என்னைப் பாடாப் படுத்துச்சு, அது தனிக்கதை).

டயர்ல அந்தக் கட்டைங்க ரோட்டுல ஒவ்வொண்ணா மடங்கி மடங்கி நிமிருதாம், நம்ம காலு சக்தியில ஒரு பங்கு அந்த ரப்பரை மடக்குறதுக்கே போயிடுது. ம்ம்ம்ம்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது போற சக்தியோட சத்தம். இப்ப சத்தமே இல்ல.

ஜனவரி 13, செவ்வாய்

38 நிமிஷம். நேத்து 39. வேற எதையும் மாத்தல, டயர் மட்டும்தான். இதுக்கு ஆன செலவு பட்ஜெட்ல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அண்ணன்கிட்ட சொன்னேன், சிரிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

அப்போ புது வண்டி எதுக்குன்னு ஒரு கேள்வி வருதுல்ல? எனக்கும் வந்துச்சு. ஆனா இந்த ஃபிரேம் எனக்குச் சின்னது. சீட்டை எவ்வளவு ஏத்தினாலும் ஹேண்டில் கிட்டத்துலயே இருக்கு, முழங்கால் கைக்குப் பக்கத்துல வந்து போகுது, இத்தனை வருஷமா முதுகுவலிக்கு சீட்டைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். தப்பு சைஸ். அதை எந்த டயரும் சரி பண்ணாது.

ஜனவரி 17, சனி

மொத கடை. உள்ள நுழைஞ்சதுமே அந்தக் கடைத் தம்பி முன்னாடி சஸ்பென்ஷன், ரெண்டு பக்கமும் டிஸ்க் பிரேக் இருக்கற ஒரு ஹைபிரிட்டைக் கொண்டாந்து நிறுத்திட்டார். பாக்க கண்ணைப் பறிக்குது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன். எழுந்து நின்னு மிதிச்சா முன்பக்கம் புஸ்ஸு புஸ்ஸுன்னு அமுங்குது, நான் கீழ கொடுக்கற பலத்தை ஸ்பிரிங் பாதியில வாங்கி வச்சுக்குது. தூக்கிப் பாத்தா முன்பக்கம் நல்ல கனம். ஃபோர்க்னா முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கவை; இந்த விலைக்கு வர்ற ஸ்பிரிங் ஃபோர்க் சாதா ஃபோர்க்கை விட ஒரு கிலோவுக்கு மேல கூட இருக்கும், அதுவும் சின்னக் குலுக்கலுக்கு அசையவே அசையாது, பெரிய பள்ளத்துக்கு டக்குனு அடிக்கும்.

பக்கத்துல அதே கம்பெனியோட சாதா ஃபோர்க் வண்டி, 700சி சக்கரம் (26 இஞ்சை விடப் பெருசு), 35 மி.மீ. டயர். அதே ரவுண்டு. கையில கொஞ்சம் அதிர்வு வருது, உண்மைதான், ஆனா மிதிச்ச உடனே வண்டி நகருது. இந்த "உடனே"வுக்காகத்தான் இத்தனை நாள் ஏங்கியிருக்கேன்னு அப்பதான் புரிஞ்சுது. "சார், சொகுசு வேணும்னீங்களே?"ன்னு தம்பி கேட்டார். டயர் அகலமா இருந்து காத்து அளவா இருந்தா அதுவே பாதி சஸ்பென்ஷன்னு நேத்து படிச்சதை அவர்கிட்டயே திருப்பிச் சொன்னேன். அவர் முகத்துல ஒரு சலிப்பு.

ஜனவரி 18, ஞாயிறு

டிஸ்க்கா, இல்ல ரிம்மை ரப்பர் கட்டையால பிடிக்கிற வி-பிரேக்கான்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். மழையில டிஸ்க் நல்லாப் பிடிக்கும், ஒத்துக்கிறேன். ஆனா மலிவான கேபிள் டிஸ்க்ல ஒரு பக்கத்துக் கட்டைதான் நகர்ந்து வந்து பிடிக்கும், அப்பப்ப உரசிக்கிட்டே சுத்தும், அதை மாசா மாசம் நோண்டணும். வி-பிரேக்குக்கு ரப்பர் கட்டை தேஞ்சா பத்து நிமிஷத்துல நானே மாத்திடுவேன். அந்தக் காசு வேற எங்கயாவது போகட்டும்.

வேற எங்கன்னா, பின்சக்கரத்து நடுவுல. பின்னாடி ஏழு கியர் இருக்கற மலிவு வண்டிகள்ல பல்லுச்சக்கரக் கொத்து மொத்தமா ஹப்புல (சக்கரத்து நடுப்பாகம்) திருகி மாட்டியிருக்கும், அதுல பேரிங் உள்ள தள்ளி இருக்கறதால செயின் பக்கத்துல அச்சு ஆதாரமில்லாம நீட்டிக்கிட்டு நிக்கும், கனமான ஆளு பள்ளத்துல இறங்கினா அச்சு வளையும், ஒடையும். என் பழைய வண்டியில ரெண்டு தடவை ஒடைஞ்சுது, ரெண்டு தடவையும் என் எடையைத்தான் கிண்டல் பண்ணாங்க. எட்டு கியருக்குப் போனா பெரும்பாலும் திருகாம சொருகி மாட்டற கேசட் வரும், பேரிங் ஓரம் வரைக்கும் போயிருக்கும். விளம்பரத்துல ஒருத்தரும் இதைப் பெருசா போட மாட்டேங்கிறாங்க.

ஜனவரி 24, சனி

செகண்ட் ஹேண்ட் ஒண்ணு பாக்கப் போனேன், பட்ஜெட்ல பாதிதான், படத்துல தங்கம் மாதிரி இருந்துச்சு. முன் பிரேக்கை அழுத்திப் பிடிச்சு வண்டியை முன்னப் பின்ன ஆட்டினா ஹேண்டில் கழுத்துல டக் டக்னு ஆட்டம். அது கூட டைட் பண்ணிடலாம். பெடல் கையைப் பக்கவாட்டுல ஆட்டினேன், அதுவும் ஆடுது. கழுத்துக்குக் கீழ வெல்டிங் பக்கத்துல பெயிண்ட்ல முடி மாதிரி ஒரு கோடு. அலுமினிய ஃபிரேம்ல அந்த இடத்துல கோடுன்னா விரிசலா இருக்கலாம், நான் ரிஸ்க் எடுக்கறதா இல்ல. விக்கறவரு "அது கீறல்தாங்க"ன்னார். இருக்கலாம். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

ஜனவரி 31, சனி

வாங்கிட்டேன்!!! சாதா ஃபோர்க், 700சி, 35 மி.மீ. டயர், வி-பிரேக், பின்னாடி எட்டு, முன்னாடி மூணு, கியர் சாமான் ஷிமானோ ஆல்டஸ். கேரியருக்கும் மட்கார்டுக்கும் ஓட்டை இருக்கான்னு முன்னாடியே பாத்துட்டேன், இல்லேன்னா முதுகுப்பையோட வேர்த்து வழியணும். சைஸு மட்டும் நானும் கடைத் தம்பியும் அரை மணி நேரம் பேசினோம். ஒரு சைஸ் சின்னது கையில இருக்கு, தள்ளுபடியும் தர்றேன்னார், சரியான சைஸுக்கு மூணு நாள் காத்திருக்கணும்னார். ஆறு வருஷம் தப்பு சைஸ்ல ஓட்டினவனுக்கு மூணு நாள் பெருசா? காத்திருந்து இன்னைக்கு எடுத்துட்டு வந்தேன். பட்ஜெட்ல கொஞ்சம் மிச்சம்.

பிப்ரவரி 5, வியாழன்

முட்டி முன்பக்கம் வலி. வண்டியைக் குத்தம் சொல்ல வாயெடுத்தேன், அண்ணன் என்னை மிதிக்கச் சொல்லிப் பாத்துட்டு "சீட்டு கீழ கெடக்குடா"ன்னார். கால் இடுக்குலேர்ந்து தரை வரைக்கும் அளந்து, அதை 0.883 ஆல பெருக்கினா, பெடல் கை ரெண்டும் சுத்துற நடு அச்சுலேர்ந்து சீட்டு மேல்பக்கம் வரைக்கும் இருக்க வேண்டிய உயரம் சுமாரா வந்துரும்னு ஒரு பழைய கணக்கு. எனக்கு 80 செ.மீ., அப்போ 70.6. நான் வச்சிருந்தது 67! சிக்னல்ல காலை முழுசா ஊனணும்னு எறக்கி வச்சிருந்தேன். இப்ப நுனிக்கால்தான் எட்டுது, மொத நாள் கொஞ்சம் திகிலாதான் இருந்துச்சு.

பிப்ரவரி 12, வியாழன்

முட்டி வலி போயிடுச்சு, இப்ப உள்ளங்கை மரத்துப் போகுது. டயர் ஓரத்துல அதிகபட்ச காத்தழுத்தம் 75 பிஎஸ்ஐன்னு போட்டிருக்குன்னு கல்லு மாதிரி 75 அடிச்சு வச்சிருந்தேன். என் எடை 72 கிலோ. பின்னாடி 60, முன்னாடி 50ன்னு எறக்கினேன். நேரம் ஒரு நிமிஷம் கூட கூடல. கரடுமுரடு ரோட்டுல ரொம்ப இறுக்கமா இருந்தா வண்டி துள்ளித் துள்ளியே வேகத்தைத் தொலைக்குமாம்.

இந்த வாரம் எதிர்காத்து வேற. 16லேர்ந்து 20க்குப் போனா, காத்தைக் கிழிக்கறதுக்கு மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சக்தி வேணும், அதனால உக்கார்ற விதம் முக்கியம். ஹேண்டிலுக்கு அடியில மூணு வளையம் இருந்துச்சு, ஒண்ணை மேல மாத்திட்டேன், ஹேண்டில் ஒரு செ.மீ. எறங்குச்சு. முதுகு ஒண்ணும் சொல்லல. இன்னொண்ணையும் மாத்தினேன், மறுநாளே கழுத்து கத்துச்சு. ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

இந்த வாரம் பூரா 34 நிமிஷம், முன்ன பின்ன ஒண்ணு. 42லேர்ந்து 34. அதுல பாதி அந்த டயர் மாத்தினப்பவே வந்தாச்சு. இந்த 34ல அஞ்சு நிமிஷம் சிக்னல்ல நிக்கற நேரம், அதை எந்த வண்டி வாங்கினாலும் குறைக்க முடியாது. ஆனா ஆபீஸ்ல எறங்கும்போது முதுகைப் பிடிச்சுக்கிட்டு எறங்கலை, அதுக்கு ஸ்டாப்வாட்ச் இல்ல.

பழைய எம்டிபியை ஸ்லிக் டயரோடயே என் சொந்தத் தம்பிக்குக் கொடுத்துட்டேன், அவன் குட்டை, ஃபிரேம் அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு அவனுக்கு. இன்னைக்கு ஒரு ஆசைக்கு என் ஆபீஸ் வரைக்கும் கூடவே வந்தான். 35 நிமிஷம். எனக்குப் பின்னாடி ஒரே ஒரு நிமிஷம். "புது வண்டிக்கு இவ்வளவு செலவாண்ணா?"ன்னு கேட்டான். அவனுக்கு வயசு 19ங்கிறதையும் இங்க எழுதி வச்சிடறேன்.