போர்டு மாற்றிய போனும் விடுதி வைஃபையும்

சர்வீஸுக்குப் போன என் போன் திரும்பி வந்து ஐந்தாம் நாள்தான் விடுதி வைஃபையில் மறுபடி ஏறியது. கடைசியில் செய்தது என்னவோ இரண்டே நிமிட வேலை. ஆனால் அந்த இரண்டு நிமிடம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மேக் ஐடியை, அதாவது கருவியின் வைஃபை முகவரியை, பதிவு செய்தால்தான் நெட் என்று வைத்திருக்கும் எந்தக் கல்லூரியிலும் அலுவலகத்திலும் இதே இடத்தில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் ஆய்வு மாணவி. பெண்கள் விடுதியின் தரைத்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் அறை. அங்கே மொபைல் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மொட்டைமாடிக்குப் போனால் கிடைக்கும், ஆனால் இரவு எட்டு மணிக்கு மாடிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கூப்பிடுவது எட்டரைக்கு. இரண்டு வருஷமாக அந்த அழைப்பு, சிக்னலுக்குப் பதில் வைஃபை வழியாகவே பேசும் வைஃபை காலிங்கில்தான் வந்துகொண்டிருந்தது. வைஃபை இல்லையென்றால் எனக்கு இன்ஸ்டாகிராம் இல்லை என்பதல்ல கணக்கு, அம்மாவின் குரல் இல்லை என்பதுதான்.

போன் மழையில் நனைந்து செத்துப்போனது. சிப்புகள் எல்லாம் இருக்கும் உள்பலகையான போர்டே போய்விட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். பார்க்க அதே போன், அதே உறை, திரையின் மூலையில் அதே கீறல். அதனால் அது புது போன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. விடுதிக்கு வந்து வைஃபை பெயரைத் தொட்டேன். ‘ஆப்டெய்னிங் ஐபி அட்ரஸ்’ என்று கொஞ்ச நேரம் நின்றது, பிறகு ‘சேவ்டு’ என்று அடங்கிவிட்டது. மறுபடி தொட்டால் மறுபடியும் அதேதான். ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு பாஸ்வேர்டை மறுபடி போட்டேன். போனை அணைத்துப் போட்டேன். நெட்வொர்க் செட்டிங்ஸ் முழுவதையும் ரீசெட் செய்தேன். அதில் வீட்டு வைஃபை, ஆய்வகத்து வைஃபை, ப்ளூடூத் இயர்போன் என்று சேமித்திருந்த எல்லாம் அழிந்ததுதான் மிச்சம். யாராவது ரீசெட் செய்யச் சொன்னால் அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இந்தச் சிக்கலுக்கு அது மருந்தே இல்லை.

அடுத்த நாள் காலை கணினி மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் என்ன ஆயிற்று என்று கேட்டார். போர்டு மாற்றியது என்றதுமே, “அப்ப மேக் ஐடி மாறியிருக்கும்மா. பழசை எடுத்துட்டுப் புதுசு போடணும். ஃபார்ம் எழுதி வார்டன் கையெழுத்து வாங்கிட்டு வாங்க” என்றார்.

எனக்குப் பாதி விளங்கியது அப்போதுதான். விடுதி நெட்வொர்க்குக்கு என்னைத் தெரியாது, என் கைபேசி எண்ணும் தெரியாது. போனில் இருக்கும் வைஃபை சிப்பின் முகவரி மட்டும்தான் தெரியும். அது பன்னிரண்டு எழுத்து. 0 முதல் 9 வரை இலக்கங்கள், ஏ முதல் எஃப் வரை எழுத்துகள், இரண்டிரண்டாகப் பிரித்து நடுவில் முக்காற்புள்ளி வைத்து எழுதுவார்கள். முதல் ஆறு எழுத்து, கருவி செய்த நிறுவனத்துக்கு ஐ ட்ரிபிள் ஈ என்ற உலகப் பொறியாளர் அமைப்பு ஒதுக்கிய எண். மீதி ஆறு அந்தக் கருவிக்கு மட்டும் உரியது. போர்டோடு அந்த சிப்பும் போய்விட்டதால், பட்டியலில் இருந்த பழைய முகவரிக்கும் என் கையில் இருந்த போனுக்கும் ஒட்டே இல்லை.

எங்கள் விடுதியில் ஆளுக்கு மூன்று கருவிதான். லேப்டாப், டேப், செத்துப்போன போர்டு என்று என் கணக்கில் மூன்றும் நிரம்பியிருந்தன. பழையதை நீக்கச் சொல்லி எழுதாமல் புதியதைச் சேர்க்க மட்டும் எழுதினால் அது அப்படியே கிடக்கும் என்று அந்த அண்ணன்தான் எச்சரித்தார். அதனால் ஃபார்மின் அடியில் தனியாக ஒரு வரி எழுதினேன்: இன்ன முகவரியை நீக்கவும், இன்ன முகவரியைச் சேர்க்கவும். பழைய முகவரி போனின் அட்டைப்பெட்டியில் இருந்தது. எல்லாப் பெட்டியிலும் அது இருக்காது, எனக்கு இருந்தது. வார்டன் மேடம் மதியம்தான் வந்தார். கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ‘சேர்த்தாச்சு’ என்று செய்தி வந்தது. ஓடிப்போய்த் தொட்டேன். ஆப்டெய்னிங் ஐபி அட்ரஸ். சேவ்டு. அன்று இரவு எட்டரைக்கு போனை ஜன்னல் கம்பியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அம்மா பேசியதில் பாதியை ஊகித்துக்கொண்டே பேசினேன்.

நான்காம் நாள் மறுபடி கணினி மையம். இந்த முறை அந்த அண்ணன் திரையை என் பக்கம் திருப்பினார். நெட்வொர்க்கில் நுழையப் பார்க்கும் ஒவ்வொரு கருவியும் அதில் ஒரு வரியாக விழுந்துகொண்டே இருந்தது. “இப்ப உங்க போன்ல வைஃபைய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றார். செய்தேன். ஓரிரு நொடியில் சிவப்பில் ஒரு வரி விழுந்தது. முகவரியின் தொடக்கம் டி, ஏ. நான் ஃபார்மில் எழுதிக் கொடுத்ததோ ஏ, 4 என்று தொடங்கும்.

“இது என் போன் இல்லைங்கண்ணா.”

“உங்க போன்தான். மறுபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

செய்தேன். மறுபடியும் அதே டி, ஏ. சிவப்பு.

பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் போன் தானாகப் புனைந்துகொண்ட முகவரி. சிப்போடு வந்த உண்மை முகவரியில் அந்த இடத்தில் வேறு எழுத்துதான் இருக்கும். நான் ‘அபௌட் போன்’ பக்கத்தில் பார்த்து எழுதியது உண்மை முகவரி. போன் விடுதி வைஃபையிடம் சொல்லிக்கொண்டிருந்தது புனைந்த முகவரி. இரண்டும் என் போனுடையவைதான், ஆனால் பட்டியலில் ஒன்றுதான் இருந்தது.

இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலும், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-இலும் தொடங்கி, ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாக ஒரு புனைபெயரைச் சொல்வதுதான் போன்களின் வழக்கம். நல்ல காரணத்துக்குத்தான் அப்படி வைத்தார்கள். முகவரி மாறாமல் இருந்தால், கடைவீதியிலும் ரயில் நிலையத்திலும் இருக்கும் வைஃபை கருவிகளை வைத்தே இந்த போன் எங்கெல்லாம் போனது என்று யாரும் கோத்துவிடலாம். பெண்களாகிய நமக்கு அந்தப் பாதுகாப்பு தேவை. அதனால் ‘அதை மொத்தமா ஆஃப் பண்ணிடு’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பதிவு கேட்கும் அந்த ஒரே வைஃபைக்கு மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஏன் இந்தத் தொல்லை வரவில்லை என்று கேட்டேன். அப்போது முதலாண்டு சேர்க்கை நாளில் எல்லோருடைய போனையும் வாங்கி அவர்களே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். புது போர்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியதால் அந்த மாற்றமும் போய்விட்டது.

மாற்றும் இடம் இதுதான். ஆண்ட்ராய்டு போனில், வைஃபை பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டு உள்ளே போனால், ‘பிரைவசி’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘யூஸ் டிவைஸ் மேக்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாம்சங்கில் அது ‘மேக் அட்ரஸ் டைப்’, அதற்குள் ‘போன் மேக்’. ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஐ குறியைத் தொட்டால் ‘பிரைவேட் வைஃபை அட்ரஸ்’ வரும், அதை ஆஃப் செய்ய வேண்டும். புது ஐஓஎஸ்ஸில் அதற்கு ஆஃப், ஃபிக்ஸ்டு, ரொட்டேட்டிங் என்று மூன்று நிலை உண்டு. ரொட்டேட்டிங்கில் இருந்தால் முகவரி அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும், பதிவு செய்தும் பயனில்லை.

மாற்றினேன். திரையில் ஏ, 4 என்று தொடங்கும் வரி விழுந்தது. அதுவும் சிவப்பு.

அந்த நிமிடம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் ஒன்றும் பேசாமல் என் ஃபார்மைத் தேடி எடுத்து, திரையோடு வைத்து எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். நான்காவது ஜோடியில் விரல் நின்றது. நான் எழுதியது 8, பி. ஆங்கிலப் ‘பி’யை என் கையெழுத்தில் 8 என்று படித்து, யாரோ 8, 8 என்று ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஒரு எழுத்தைத் திருத்தினார், வரி பச்சையானது. இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது ஃபார்ம் கையால் ஏற்றுகிறவருக்கு இது நடக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் எழுதும்போது ‘பி’க்கு முதுகை நேர்கோடாகப் போடுங்கள், ‘டி’யைப் பூஜ்யம் போல எழுதாதீர்கள். வட்டமாக வருவது எல்லாம் பூஜ்யம்தான், அந்த முகவரியில் ஆங்கில ‘ஓ’ கிடையவே கிடையாது. முடிந்தால் முகவரி தெரியும் திரையையே படம் பிடித்து, அச்செடுத்து ஃபார்மோடு இணைத்துவிடுங்கள்.

விடுதி முடிந்தது, துறைக் கட்டடம் மீதி இருந்தது. அங்கே இருப்பது எடுரோம் என்ற, பல்கலைக்கழகங்களுக்கான பொது வைஃபை. இந்தியாவில் எர்நெட் அமைப்பு நடத்துவது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இதே பெயரில் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, நம் ஊர் ஐடியை வைத்தே அங்கேயும் நுழையலாம். அது மேக் ஐடியைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது, அதாவது பெயரும் பாஸ்வேர்டும். சுலபம் என்றுதான் நினைத்தேன். பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் ஏற்கவில்லை. ஏழெட்டு தடவை போட்டும் அதேதான்.

காரணம் கடிகாரம். என் சிம் அப்போது இரவல் வாங்கிய பழைய போனில் இருந்தது. சிம்மும் நெட்டும் இல்லாத புது போர்டு ஏதோ ஒரு பழைய வருஷத்தின் ஜனவரி 1-ஐக் காட்டிக்கொண்டிருந்தது. எடுரோமில் நாம் பாஸ்வேர்டு கொடுப்பதற்கு முன், எதிரே இருப்பது நம் பல்கலைக்கழகத்தின் சர்வர்தானா என்று போன் ஒரு சான்றிதழைப் பார்க்கிறது. அந்தச் சான்றிதழ் தொடங்கும் தேதியே போனின் கணக்கில் இன்னும் வரவில்லை. அதனால் நிராகரித்துவிட்டு, ‘பாஸ்வேர்டைச் சரிபார்க்கவும்’ என்று மட்டும் சொல்கிறது. தேதியைத் திருத்தினேன். ஐடி இடத்தில் பதிவு எண்ணை மட்டும் போடாமல் ‘அட்’ குறிக்குப் பின்னால் வரும் பல்கலைக்கழகப் பெயர் வரை முழுவதும் போட்டேன். முதல் தடவையிலேயே ஏறியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சான்றிதழ் கேட்கும் இடத்தில் ‘டு நாட் வேலிடேட்’ கொடு, உடனே ஏறிவிடும் என்று ஆய்வகத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு பல போன்களில் அந்த வாய்ப்பையே எடுத்துவிட்டார்கள், எடுத்தது சரிதான். அதைக் கொடுத்தால், யாராவது பக்கத்து அறையில் அதே பெயரில் ஒரு போலி வைஃபை வைத்தாலும் போன் நம்பிவிடும், பாஸ்வேர்டு அவர்கள் கைக்குப் போகலாம். அதே பாஸ்வேர்டில்தான் என் மெயிலும் மதிப்பெண்ணும் ஆய்வுக் கோப்புகளும் இருக்கின்றன. ‘யூஸ் சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ்’ கொடுத்து, ‘டொமைன்’ என்ற இடத்தில் கணினி மையம் சொல்லும் பெயரைப் போடுங்கள். கெட்எடுரோம் என்ற செயலியில் உங்கள் கல்லூரி இருந்தால் இதையெல்லாம் அதுவே நிரப்பிவிடும்.

ஐந்தாம் நாள் காலை விடுதி அறையில் ஐபி அட்ரஸ் வந்து, பெயருக்குக் கீழே ‘கனெக்டட்’ என்று நின்றது. எட்டரைக்கு அம்மா கூப்பிட்டார்கள். “என்னடி, இன்னைக்குக் குரல் கிணத்துக்குள்ள இருந்து வரல” என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து மாடி அறையில் இருக்கும் முதலாண்டுப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்கு வைஃபை இணைகிறது, ஆனால் லாகின் பக்கம் வருவதில்லை. நான் உடனே மேக்கைப் பார்த்தேன், அது சரியாகவே இருந்தது. அரை மணி நேரம் தேடியதில் தெரிந்தது, விளம்பரம் வராமல் இருக்க அவள் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸில் ஒரு முகவரியைப் போட்டு வைத்திருந்தாள். டிஎன்எஸ் என்பது இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி அட்ரஸைச் சொல்லும் சர்வர். லாகின் ஆகும்வரை வெளியே போக வழி இல்லை, வெளியே போகாமல் அந்த டிஎன்எஸ் பதில் சொல்லாது, பதில் வராமல் லாகின் பக்கம் திறக்காது. அதை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றியதும் பக்கம் வந்துவிட்டது.

போகிற வழியில் அவள் தோழியின் போனையும் காட்டினாள். போன வாரம் வாங்கிய புது போன், பதிவு செய்து மூன்று நாளாகியும் ஏறவில்லை. நான் நோட்டைத் திறந்து அந்த நான்கு எழுத்தைக் காட்டிவிட்டு, வைஃபை பெயருக்குள் போய் முகவரியைப் படிக்கச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள்.

“அக்கா, ரெண்டாவது எழுத்து இ.”