சுவரில் பூக்கும் மஞ்சள் உப்பு

திருமங்கலத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் பின்கட்டுச் சுவரில் ஆண்டுதோறும் பங்குனி வெயில் ஏறும்போது உப்புப் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் காயக் காய, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெள்ளைப் பொருக்கு ஒன்று எழும்; நகத்தால் சுரண்டினால் பொலபொலவென உதிரும். உவர்த் தண்ணீரில் கட்டிய சுவர் வேறு எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டு, கொத்தனார் பூச்சுவேலைக்குக் கூலி பேசத் தொடங்குவார். புளூலிசார்டைட் என்னும் கனிமத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள புளூ லிசார்ட் சுரங்கத்தில் கண்டெடுக்கப்பட்டு, 2014-இல் புதிய கனிமமாக விவரிக்கப்பட்ட யுரேனைல் சல்பேட், அதாவது யுரேனியம் கலந்த சல்பேட் உப்பு, இது. மஞ்சள் நிறம், படிகங்கள் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு யுரேனியம் அணுவுக்கு ஏழு சோடியம், நான்கு சல்பேட், ஒரு குளோரின், இரண்டு நீர் மூலக்கூறுகள் என்பது இதன் கணக்கு. கதிரியக்கத்துக்கு அந்த ஒற்றை யுரேனியம் காரணமென்றாலும், சரக்கில் பெரும்பங்கான சோடியமும் சல்பேட்டும் நம் சுவரில் பூக்கும் உப்பின் உறவுதான்.

இது உருவாகும் விதம் சுவாரசியமானது. பாறைக்குள் பைரைட் எனும் இரும்புச் சல்பைடும் யுரேனினைட் எனும் யுரேனிய ஆக்சைடும் காற்றுப் படாமல் கிடக்கும்வரை எதுவும் நிகழ்வதில்லை. மனிதர்கள் சுரங்கம் தோண்டிக் காற்றையும் ஈரத்தையும் உள்ளே விட்டதும், பைரைட் சிதைந்து கந்தக அமிலம் பிறக்கிறது. நான்கு இணைதிறனில் கரையாமல் இருந்த யுரேனியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆறாக மாறி, இருபுறமும் ஓர் ஆக்சிஜனை நேர்கோட்டில் பற்றிக்கொண்டு யுரேனைல் அயனியாகி, அந்த அமில நீரில் கரைந்துவிடுகிறது. வழியில் சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்துக்கொண்டு சுரங்கச் சுவரில் கசியும் நீர், வறண்ட காற்றில் ஆவியாக, உப்பு மட்டும் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. புற ஊதா விளக்கை அடித்தால் பசுமஞ்சளாக ஒளிரும்.

யுரேனியம்-238 அணுக்களில் பாதி சிதைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். அத்தகைய பழம்பொருளைச் சுமந்திருக்கும் இந்தப் படிகத்துக்கோ, சுரங்கம் தோண்டப்பட்ட நாளுக்கு முந்தைய வயதே இல்லை.

பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கரல் 1896-இல் பாரிஸில் கதிரியக்கத்தைக் கண்டறிந்ததும் இதே குடும்பத்து உப்பைக் கொண்டுதான். கறுப்புக் காகிதத்தில் பொதிந்த புகைப்படத் தகட்டின் மேல் அவர் வைத்தது பொட்டாசியம் யுரேனைல் சல்பேட். வெயில் பட்டால்தான் உப்பிலிருந்து கதிர் வரும் என்று எண்ணியிருந்த அவர், வெயில் வராததால் தகடுகளை உப்போடு இழுப்பறையில் போட்டுவைத்தார். கழுவிப் பார்த்தபோது, சூரிய ஒளியே படாத உப்பின் உருவம் அவற்றில் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

புளூலிசார்டைட் தண்ணீரில் எளிதில் கரையக்கூடியது. ஆகவே மாதிரியைச் சேமிப்பவர் மற்றக் கற்களைக் கழுவுவதுபோல் இதைக் கழுவ முடியாது. ஈரம் அண்டாத மூடிய டப்பாவில், மனிதர் புழங்கும் இடத்திலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும்.