ஆட்சிக்குழு அஜெண்டாவை ஆன்லைனுக்கு மாற்றிய அனுபவம்

கல்லூரி ஆட்சிக்குழுக் கூட்டங்களுக்கான அலுவலக வேலை என் பொறுப்பு. அஜெண்டா தயாரிப்பது, இணைப்புகளைத் திரட்டி நகலெடுத்து அனுப்புவது, கூட்டம் முடிந்ததும் மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) எழுதிக் கையெழுத்து வாங்குவது எல்லாம் அதில் அடக்கம். இதை முழுவதுமாக ஆன்லைன் மென்பொருளுக்கு மாற்றியிருக்கிறோம். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காகிதத்தில் பெரிய தொல்லை நகலெடுப்பது இல்லை. கட்டு போய்ச் சேர்ந்த பிறகு திருத்திய பட்ஜெட் அட்டவணை வரும். அதைத் தனியாக அனுப்புவோம். கூட்டத்தில் ஒருவர் பழைய அட்டவணையைப் பார்த்துக் கேள்வி கேட்பார், இன்னொருவர் புதியதைப் பார்த்துப் பதில் சொல்வார். இருவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் பேச்சு நகராது.

கூகுள் டிரைவ், ஷேர்பாயிண்ட் மாதிரி ஒரு பொதுக் கோப்புறையே போதாதா என்று முதலில் பேச்சு வந்தது. சின்னக் குழுவுக்குப் போதும். போர்டுடாக்ஸ், போர்டுஎஃபெக்ட் போல இதற்கென்றே உள்ள மென்பொருள்களில் அஜெண்டாவின் ஒவ்வொரு பொருளோடும் அதன் இணைப்பு, தீர்மானம், வாக்கு எல்லாம் சேர்ந்தே இருக்கும். உறுப்பினர் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓரக்குறிப்பு எழுதலாம். எங்களுக்குத் துணைக்குழுக்கள் அதிகம் என்பதால் இந்த வகையில் ஒன்றை எடுத்தோம்.

மென்பொருளைத் தொடுவதற்கு முன் விதிமுறைகளை எடுத்து வைத்துப் படியுங்கள். கூட்ட அறிவிப்பு எழுத்து மூலம் என்று இருந்தால் மின்னஞ்சலும் அதில் சேருமா? வீடியோவில் கலந்துகொள்பவர் கோரத்தில், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையில், கணக்காவாரா? கூட்டம் கூடாமலே சுற்றுக்கு விட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாமா? விதியில் இடமில்லாமல் ஆன்லைனில் எடுத்த முடிவை யாராவது எதிர்த்தால் அது நிற்பது கடினம். எங்கள் விதிகளில் தேவையான திருத்தத்தைக் காகிதக் காலத்திலேயே நிறைவேற்றிக்கொண்டோம்.

அதிக நேரம் எடுத்தது யாருக்கு எது தெரியவேண்டும் என்று முடிவு செய்வதுதான். காகிதத்தில் இதைக் கையாலேயே சமாளித்துவிடலாம். முதல்வரின் ஊதியம் பற்றிய பொருள் வந்தால் அவருக்குப் போகும் உறையில் அந்தத் தாளை வைக்கமாட்டோம், விவாதத்தின்போது அவர் வெளியே இருப்பார். மென்பொருளில் அந்த உறையை முன்கூட்டியே விதியாக எழுதி வைக்கவேண்டும். இணைப்பைப் பூட்டினால் மட்டும் போதாது. இணைப்பு திறக்காவிட்டாலும், 'ஒழுங்கு நடவடிக்கை: இந்தத் துறைத் தலைவர்' என்று பொருளின் தலைப்பே பட்டியலில் தெரிந்தால் விஷயம் வெளியே போய்விட்டது என்றுதான் அர்த்தம். தேடலிலும், தானாகப் போகும் மின்னஞ்சல் அறிவிப்பிலும் அந்தத் தலைப்பு எட்டிப்பார்க்கும். அதனால் நிதிக்குழு உறுப்பினர், மாணவர் பிரதிநிதி, முதல்வர் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு சோதனைக் கணக்கு தொடங்கி, அவர்களாகவே உள்ளே நுழைந்து ஒவ்வொரு திரையாகப் பார்த்தோம். அமைப்புப் பக்கத்தில் போட்ட டிக் குறிகளை மட்டும் நம்பாதீர்கள். அனுமதியைத் தனி நபருக்குக் கொடுக்காமல் பதவிக்குக் கொடுங்கள். அப்போதுதான் ஒருவரின் பதவிக்காலம் முடிகிற அன்றே அணுகலை நிறுத்துவது எளிது.

அடுத்தது, ஒரு தாள் எப்போது இறுதியாகிறது என்பது. ஆன்லைனில் யாருக்கும் தெரியாமல் ஒரு கோப்பை மாற்றிவிட முடியும், அதுதான் ஆபத்து. வெளியிட்டபின் பூட்டு என்று வைத்தோம். மாற்றம் அவசியமானால் 'திருத்தம் 1' என்று புதிய கோப்பாக வரும், பழையதும் அங்கேயே இருக்கும், எல்லோருக்கும் அறிவிப்பு போகும். கூடவே எல்லா இணைப்புகளையும் சேர்த்து ஒரே தொடர் பக்க எண் கொடுத்தோம். தலைவர் "பக்கம் 84" என்றால் எல்லோர் திரையிலும் அதே பக்கம் வரவேண்டும். இது இல்லாவிட்டால் இணைப்பு எது, அதில் பக்கம் எது என்று தேடியே நேரம் போகும்.

துறைகளின் பழக்கத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு. தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். ஸ்கேன் என்பது வெறும் படம். அதில் சொல்லைத் தேட முடியாது, பார்வைக் குறைபாடு உள்ள உறுப்பினரின் கணினியால் வாசித்துக் காட்டவும் முடியாது. கையெழுத்துப் பக்கம் தனியாக வரட்டும், அறிக்கை மூலக்கோப்பாகவே வரவேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

பேனாவும் கையுமாக அஜெண்டா படிக்கிற மூத்த உறுப்பினர் ஒருவருக்கு டேப்லெட்டில் எழுதிக் காட்டினேன். இரண்டு வரி எழுதிப் பார்த்துவிட்டு, "நான் ஓரத்துல எழுதறதை வேற யாராவது படிக்க முடியுமாம்மா?" என்று கேட்டார். முக்கியமான கேள்வி அது. மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, சரி. ஆனால் மென்பொருளின் நிர்வாகிக்கு? நாளை வழக்கு என்று வந்தால் அந்தக் குறிப்பும் ஆவணமாகுமா? வழக்கறிஞரைக் கலந்து, மினிட்ஸ் அடுத்த கூட்டத்தில் உறுதியானதும் தனிக்குறிப்புகள் அழிக்கப்படும் என்று குழு எழுத்தில் முடிவு செய்தது. அதன்பிறகு அவர் தயக்கமில்லாமல் எழுதுகிறார். இன்னொருவர் அச்சுப்பிரதிதான் வேண்டும் என்றார். அவருக்கு அச்செடுத்துக் கொடுக்கிறோம், அதில் ஒரு குறையும் இல்லை.

மினிட்ஸ் எழுதும் முறை மாறவில்லை. எடுத்த முடிவு, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், மாற்றுக் கருத்தைப் பதியச் சொன்னவர், இவ்வளவுதான். உறுதியான மினிட்ஸைப் பக்க எண் இட்ட தாளில் அச்செடுத்து, தலைவரின் கையெழுத்தோடு புத்தகத்தில் சேர்க்கிறோம். மின்பிரதியை பிடிஎஃப்/ஏ வடிவில் வைக்கிறோம். நெடுங்காலச் சேமிப்புக்காகவே 2005-இல் சர்வதேச (ஐஎஸ்ஓ) தரமாக வந்த வடிவம் அது.

கடைசியாக, ஒப்பந்தம். விலகும்போது எல்லாத் தரவையும் தருவோம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். எந்த வடிவில் என்று கேளுங்கள். ஆயிரம் கோப்புகள் ஒரே குவியலாக வந்தால், எது எந்தக் கூட்டத்தின் எந்தப் பொருளுக்கு உரியது என்று யார் பிரிப்பது? மாதிரிக் கூட்டம் ஒன்றை உள்ளே ஏற்றி, அதை அப்படியே வெளியே எடுத்து, மென்பொருள் இல்லாத ஒரு கணினியில் திறந்து பார்த்தோம். பொருள், இணைப்பு, தீர்மானம் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தே வருவதை உறுதி செய்துகொண்டு, அந்த வடிவத்தை ஒப்பந்தத்திலும் எழுத வைத்த பிறகுதான் கையெழுத்துக்கு அனுப்பினோம்.