ஸ்காபரோ ஹீற்றரும் என் கறுப்பு வயரும்

வெள்ளவத்தையில் ஜனவரியிலும் காலை ஆறரைக்கு ஃபேன் வேண்டும். அந்த நேரத்தில் சாரத்தோடு பல்கனியில் உட்கார்ந்து, தேத்தண்ணி ஆற ஆற, கனடாவில் தொப்பியும் ஜக்கெற்றும் போட்டு நிற்கிற ஒருவனுக்கு ஹீற்றர் திருத்தச் சொல்லிக்கொடுத்தேன். அங்கே முதல் நாள் இரவு எட்டு மணி. குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம்.

அவன் என் சித்தியின் மகன். ஸ்காபரோ வீட்டுக் கராஜில் வார இறுதியில் அலுமாரி, மேசை செய்வான். குளிரில் பசை காயாது என்பதால் கூரையில் ஒரு காஸ் ஹீற்றர் தொங்கவிட்டிருக்கிறான். நான் கொழும்பில் முப்பது வருடமாக வீட்டு வயரிங் செய்கிறவன். கராஜ் ஹீற்றர் என்ற சாமானைக் கையால் தொட்டதே இல்லை. எங்கள் ஊரில் கராஜ் என்றால் வாகனம் திருத்தும் இடம், அதைச் சூடாக்க வெயிலே போதும்.

"அண்ணை, பத்துது, உடனே நூந்து போகுது" என்றான்.

முதலில் கேட்டது காஸ் மணக்கிறதா என்று. மணந்தால் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே போய்விட வேண்டும், போனும் வெளியே போய்த்தான். மணக்கவில்லை. கார்பன் மொனொக்சைட் அலாரமும் வேலை செய்தது. காஸ் வால்வையும் பைப்பையும் தொடுவதில்லை என்று அப்போதே பேசி வைத்தோம். ஒன்ராறியோவில் அதற்கு லைசன்ஸ் உள்ள காஸ்காரர் வேண்டும், அது சரியான சட்டம். நாங்கள் பார்ப்பது கரண்ட் பக்கம் மட்டும்.

போனை ஏணியில் சாய்த்துவிட்டு அவன் ஹீற்றரைப் போட்டான். இந்த மெஷின் வேலை செய்கிற ஒழுங்கு தெரியாமல் பிழை தேட முடியாது. அறைச் சூட்டைப் பார்க்கிற தெர்மோஸ்ரற் சூடு வேண்டும் என்றதும் புகையை இழுக்கிற சின்ன ஃபேன் ஓடும். இழுவை வந்ததைப் பிரஷர் சுவிட்ச் உறுதிப்படுத்தும். பிறகு பொறி, பிறகு காஸ் வால்வுக்கு 24 வோல்ட், பிறகு நெருப்பு. நெருப்பு நிற்கிறது என்று போர்ட், அதாவது இதையெல்லாம் நடத்துகிற எலெக்ட்ரோனிக் பலகை, நம்பினால்தான் கொஞ்ச நேரத்தில் பெரிய ஃபேன் சூட்டை வெளியே தள்ளும். இங்கே நெருப்பு வரைக்கும் எல்லாம் வந்தது. நாலு செக்கனில் போனது. மூன்று தரம் முயன்றுவிட்டுப் போர்ட் பூட்டிக்கொண்டு சிவப்பு லைட்டைச் சிமிட்டியது. எத்தனை சிமிட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், அந்த அட்டவணை மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். அவன் வாசித்தான்: நெருப்புத் தெரியவில்லை.

எனக்குச் சந்தோஷம். தெர்மோஸ்ரற், ட்ரான்ஸ்ஃபோமர், பிரஷர் சுவிட்ச் எல்லாம் ஒரே அடியில் கழிந்துவிட்டன. நெருப்பு கண்ணுக்குத் தெரிகிறது, போர்டுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

போர்ட் நெருப்பைப் பார்க்கிற விதம் எனக்குப் பிடித்த விஷயம். பேர்னருக்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பி நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பு கரண்டைக் கொஞ்சம் கடத்தும். கம்பி சின்னது, பேர்னர் பெரியது. அதனால் கம்பிக்குக் கொடுக்கிற ஏசி நெருப்பைக் கடக்கும்போது ஒரு பக்கமாக மட்டும் கூடுதலாக ஓடும், டிசி மாதிரி. சில மைக்ரோ அம்பியர்தான். அது பேர்னர் உடம்பு வழியாக ஏர்த்துக்குப் போய்த் திரும்பி வந்தால், நெருப்பு உண்டு என்று போர்ட் எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் காஸை மூடிவிடும். மூடத்தான் வேண்டும்.

அந்தக் கம்பியில் வெள்ளைப் படலம் பிடிப்பதுதான் வழக்கமான வியாதி. "பிளக்கைக் கழற்று. சுவிட்சை நிற்பாட்டினால் போதாது, கழற்று" என்று ரெண்டு தரம் சொன்னேன். கழற்றி, மெல்லிய ஸ்டீல் வூலால் கம்பியைத் துடைத்துப் போட்டான். அதே நாலு செக்கன். அன்றைக்கு அதோடு விட்டோம், எனக்குத் தெஹிவளையில் வேலை இருந்தது.

அடுத்த நாள் மீற்றரில் மைக்ரோ அம்பியர் பார்த்தோம். கம்பியின் வயரைக் கழற்றி, மீற்றரை இடையில் தொடராகக் கோக்க வேண்டும். பிளக் கழன்றிருக்கும்போது கோத்துவிட்டு, பிறகு கரண்ட் கொடுத்துக் கைகட்டி நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த வயரில் ஏசி நிற்கும். நெருப்பு வந்தது, மீற்றர் 0.0 காட்டியது. ஒன்றுக்கு மேலே ஏதாவது வந்திருக்க வேண்டும். கம்பி நல்லது, நெருப்பு நல்லது, அப்படியென்றால் திரும்பி வருகிற பாதை. ஏர்த் கழன்றிருக்கிறது என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். பிளக்கைக் கழற்றி, அதன் ஏர்த் பின்னுக்கும் பேர்னர் உடம்புக்கும் ஓம் பார்க்கச் சொன்னேன். ஒரு ஓமுக்குக் குறைவு. பிழையே இல்லை.

மீதி இருந்தது கூரைச் சொக்கெற். கனடாச் சொக்கெற்றில் நிமிர்ந்த இரண்டு ஓட்டை, ஒன்று மற்றதைவிட நீளம். கீழே ஏர்த். சின்ன ஓட்டைக்கும் ஏர்த்துக்கும் 120 வோல்ட் இருக்க வேண்டும், நீள ஓட்டைக்கும் ஏர்த்துக்கும் கிட்டத்தட்ட பூச்சியம்.

"சின்னதில பூச்சியம் அண்ணை."

"மற்றதில?"

"நூற்றி இருபத்தொண்டு."

கரண்ட் வருகிற லைனும் அது திரும்பிப் போகிற நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. ஃபேனுக்கும் பொறிக்கும் இரண்டு முனையில் வோல்ட் இருந்தால் போதும், எது எந்தப் பக்கம் என்று அவை கவலைப்படாது. நெருப்பைப் பார்க்கிற பகுதி அப்படி இல்லை. இந்தப் போர்டில் அது லைனுக்கும் ஏர்த்துக்கும் இடையில் இருக்கிற வோல்ட்டை நம்பித்தான் வேலை செய்கிறது. மாறிப்போனால் அதற்கு ஒன்றும் தெரியாது.

"எந்த மாடு இதைப் பூட்டினது?" என்றேன், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் மெதுவாக, "ஓகஸ்ற்றில நான்தான் மாத்தினனான். நீங்கள்தானே போனில சொன்னீங்கள், கறுப்பு நியூட்ரல் எண்டு."

ஞாபகம் வந்துவிட்டது. காலி வீதியில் பஸ்ஸுக்குள் நின்றபடி எடுத்த போன். சொக்கெற் லூசாக இருக்கிறது, புதிது பூட்டுகிறேன், கறுப்பும் வெள்ளையும் இருக்கிறது, எது எது என்றான். நான் வேலை பழகிய காலத்தில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். இப்போது பிரவுணும் நீலமும் வந்துவிட்டாலும் கொழும்புப் பழைய வீடுகளைத் திறந்தால் இன்னும் சிவப்பும் கறுப்பும்தான். கை யோசிக்காமல் சொல்லிவிடும். வட அமெரிக்காவில் கறுப்பு லைன், வெள்ளை நியூட்ரல். சரி நேர் எதிர். கோடைகாலத்தில் அந்தச் சொக்கெற்றில் வாள் மெஷின் சுற்றியது, ஒரு குறையும் தெரியவில்லை. குளிர் வந்து ஹீற்றரை மாட்டியபோதுதான் மாட்டுப்பட்டேன்.

ஹீற்றர் ஓடாதது பெரிய விஷயமில்லை. நியூட்ரலும் லைனும் மாறியிருந்தால் ஹீற்றரின் சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலை. சுவிட்சை நிற்பாட்டிய பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும். முதல் நாள் அவன் கை அதற்குள்தான் இருந்தது. பிளக்கைக் கழற்றச் சொல்லியிராவிட்டால் என்று நினைக்க, அந்த வெக்கையிலும் எனக்குக் குளிர்ந்தது.

பிரேக்கரை வீழ்த்தி, சொக்கெற்றில் கரண்ட் இல்லை என்று மீற்றரில் காட்டச் சொல்லி, அதன் பிறகுதான் ஸ்க்ரூவைத் தொடவிட்டேன். கறுப்பு பித்தளை நிற ஸ்க்ரூவுக்கு, வெள்ளை வெள்ளி நிற ஸ்க்ரூவுக்கு. இதை இந்தத் தடவை அவன் பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டினான். நான் சொன்னதை இனி நம்பமாட்டான் போல.

ஹீற்றர் போட்டதும் மீற்றர் 3.2 காட்டியது. நாலு செக்கன், ஐந்து, பத்து. பெரிய ஃபேன் இரைந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். காஸ் பக்கத்தைப் பார்க்க லைசன்ஸ்காரரை அந்த வாரமே கூப்பிடச் சொன்னேன், சரி என்றான்.

போனை வைக்கப் போகும்போது, "அண்ணை, ஒண்டு சொல்லட்டே?" என்றான்.

"சொல்லு."

"அண்டைக்கு இன்னும் ரெண்டு சொக்கெற் மாத்தினனான். ஒண்டு அம்மான்ர குசினியில."

அடுத்த நாள் ஆறரைக்குத் திரும்பவும் பல்கனியில் உட்கார்ந்தேன். முதலில் சித்தியின் ரைஸ் குக்கரைக் கழற்றச் சொன்னோம்.