செத்த வண்டியிலிருந்து கிளட்ச்: கப் கேடட் 122 வேலை இதுவரை

ஒஹாயோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளி பாதிக்கு மேல் சரிவு. அங்கே புல் வெட்ட ஓட்டத்தான் இந்த இன்டர்நேஷனல் கப் கேடட் 122 என்ற சின்னத் தோட்ட டிராக்டரை வாங்கினேன். 1960களின் நடுவில் வந்த மாடல். 12 குதிரைசக்தி கோலர் கே301 எஞ்சின், மூன்று கியர், பெல்ட் இல்லாமல் ஷாஃப்ட் வழியாகவே, பின்சக்கரங்களுக்கான கியர் இருக்கும் பின்பெட்டிக்குப் போகும் ஓட்டம். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கியது, பேட்டரி சார்ஜ் ஏறவில்லை, ஸ்டியரிங்கை நன்றாகத் திருப்பிய பிறகுதான் சக்கரம் மனம் வைத்து அசைந்தது.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கக் கணக்குப் போட்டால் வண்டி விலையைத் தாண்டியது. சரி, பாகங்களைக் கழற்றி எடுப்பதற்காகவே ஒரு பழைய வண்டி, அதாவது பார்ட்ஸ் வண்டி தேடுவோம் என்று இறங்கினேன்.

முதலில் கிடைத்தது இன்னொரு 122. ஓடும் நிலையில், விலையும் குறைவு. ஆனால் அதுவும் வாழ்நாள் முழுக்க மேட்டில் புல் வெட்டிய வண்டி. பெடலை மிதித்தால் என் வண்டி மாதிரியே தொளதொளவென்று இறங்கியது. அதை வாங்கினால் என் வண்டியின் நோயையே இன்னொரு முறை காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். விட்டுவிட்டேன்.

அப்புறம் வந்ததுதான் கப் கேடட்டிலேயே 102 என்ற மாடல். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் விரல் நுழையும் ஓட்டை. இந்த கோலர் கே வரிசை எஞ்சின்களில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனை கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சின்ன நாக்கு, சுற்றும்போது ஆயிலை அள்ளித் தெளிக்கும், அவ்வளவுதான். ராடும் அலுமினியம், நடுவில் பேரிங் ஓடு இல்லாமல் நேராக கிராங்கின் மேல் ஓடுவது. ஆயில் அளவைப் பார்க்காமல் ஓட்டினால் ராட் இறுகி, உடைந்து, பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அன்றோடு வண்டி நின்றுவிடும். எனக்கு வேண்டியதும் அதுதான். எஞ்சின் நின்ற நாளோடு அதற்குப் பின்னால் இருக்கும் கிளட்ச், ஷாஃப்ட், கியர் எல்லாவற்றின் தேய்மானமும் நின்றுபோகிறது.

இறக்கிவைக்க வந்த நண்பர், "காயலான் கடைக்குப் போக வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கீங்களேண்ணே" என்றார். ஓட்டையைக் காட்டி விளக்கினேன். தலையை ஆட்டினாரே தவிர நம்பியதாகத் தெரியவில்லை.

102இல் இருப்பது 10 குதிரைசக்தி கே241. வெளியில் பார்க்க இரண்டு எஞ்சினும் ஒரே சாயல்தான். உள்ளே போர் (சிலிண்டரின் விட்டம்) 3¼ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 2⅞. என்னுடைய கே301இல் போர் 3⅜, ஸ்ட்ரோக் 3¼. பிஸ்டனும் கிராங்கும் மாற்றிப் போட வழியில்லை. எஞ்சினுக்குப் பின்னால் கதை வேறு. இரண்டும் ஒரே தலைமுறை, ஒரே சட்டம் (ஃப்ரேம்).

இரண்டு வண்டிகளையும் சட்டம் வேறு, பின்பெட்டி வேறாகப் பிரித்தேன். நேரத்தைத் தின்றது ஷாஃப்டின் பின்முனைக் கப்ளிங்கில் இருக்கும் கால் அங்குலச் சுருள் பின். ஸ்பிரிங் எஃகு என்பதால் டிரில் ஏறாது. மெல்லிய பஞ்ச் வைத்து அடித்தால் சுருளின் நடுவே நுழைந்து அதை இன்னும் விரித்துவிடும். பின்னுக்குச் சரியான அளவு பஞ்ச்தான் வேண்டும். துரு இளக்கும் எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, கப்ளிங்குக்கு அடியில் கட்டை முட்டுக்கொடுத்துத் தட்டியதும் நகர்ந்தது.

இரண்டு கிளட்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் கண்ணை உறுத்தியது. எஞ்சின் பக்கத்துத் தட்டில் மூன்று பின்கள் நிற்கும். கிளட்ச் டிஸ்க்கின் மூன்று துளைகள் அவற்றின் மேல் நழுவி உட்காரும். என் வண்டியின் பின்களில் டிஸ்க் அறுத்த பள்ளம், நகத்தை வைத்தால் மாட்டுகிறது. துளைகள் முட்டை வடிவமாக இழுத்திருந்தன. 102இன் பின்கள் உருண்டையாக, சின்னக் கீறலோடு மட்டும் இருந்தன. டிஸ்க்கிலும் நல்ல கனம். பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுற்றினேன், சத்தமில்லை. அதனால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிரிக்கிற வேலையில் இறங்காமல் ஷாஃப்டோடு அப்படியே தூக்கி, அந்த மூன்று பின்கள் நிற்கும் தட்டையும் சேர்த்து 122க்கு மாற்றினேன். சுருள் பின் மட்டும் புதிது. அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் சுலபம். எஞ்சினைக் கிளப்புவதும் பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் ஒரே உருளைதான், பெல்ட்டில் ஓடும். 102இன் உருளையில் பிரஷ்கள் கூட்டில் ஒட்டிக்கிடந்தன. அவற்றை விடுவித்து, பிரஷ்கள் உரசி ஓடும் செம்பு வளையமான காம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். எமரி துணி வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும். மாட்டியதும் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டருக்குப் போகும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு ஒயரால் ஒரு நொடி தொட்டு எடுத்தேன். சின்னப் பொறி பறக்கும். அந்தத் தொடுதலில்தான் ஜெனரேட்டருக்குத் துருவம் சரியாகப் பதிகிறது. இப்போது அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாய்கிறது.

ஸ்டியரிங்கில் மட்டும் பார்ட்ஸ் வண்டி கைவிட்டுவிட்டது. உள்ளே திருகுப் பள்ளத்தில் ஓடும் கூம்பு முனை இரண்டிலும் ஒரே மாதிரி தட்டையாகிக் கிடக்கிறது. என் வண்டியின் ஸ்டியரிங் பெட்டியில் பூட்டு நட்டைத் தளர்த்தி, போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கியதில் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. அதற்கு மேல் இறுக்க முடியாது. தேய்ந்திருப்பது நடுப்பகுதிதான், ஓரங்களுக்குத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். புது முனை வாங்கும்வரை இப்படித்தான்.

நேற்று சரிவில் இரண்டாம் கியரில் ஏற்றினேன். பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்பியும் வழுக்கவில்லை. அடுத்தது புல்வெட்டும் டெக்கின் பேரிங்குகள். 102இன் டெக்கைக் கவிழ்த்துப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். பிளேடு மாட்டும் தண்டுகளில் (ஸ்பிண்டில்) ஒன்று நன்றாகச் சுற்றுகிறது, மற்றவற்றைக் கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.